தூக்கத்துக்கு மூன்று சொல்: ஜாவாவில் ஆறு நாட்கள்

நாள் 1, செவ்வாய், ஏப்ரல் 16, 2024

"போன மாதம் அண்ணன் இறந்துவிட்டார். அதனால் ஜன்னல் திரையை மாற்ற முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார் வீட்டுக்கார அம்மா, சிரித்துக்கொண்டே.

தப்பாகக் காதில் விழுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். என்னிடம் இருப்பது பினாங்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட சந்தை மலாய். ஆனால் 'மெனிங்கால்' என்றால் அங்கேயும் சாவுதான், இங்கேயும் சாவுதான். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் பாதிச் சிரிப்பு சிரித்துவைத்தேன். இரவு எட்டரை மணிக்கு இதை எழுதும்போதும் அந்தச் சிரிப்பை நினைத்தால் கூசுகிறது.

முதலில் ஊருக்கு வந்த கதை. யோக்யகர்த்தாவின் புது விமான நிலையம் நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, குலோன் ப்ரோகோவில் இருக்கிறது. அங்கிருந்து ரயில் உண்டு. துகு ஸ்டேஷனில் இறங்கினால் எதிர்ப் பிளாட்பாரம் முழுக்க அட்டைப்பெட்டிகளும் பிள்ளைகளும். போன புதன்கிழமை லெபரான், அதாவது நம்மூர் ரம்ஜான். ஊருக்கு வந்தவர்கள் ஜகார்த்தாவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். பொங்கல் முடிந்த வாரம் தாம்பரம் பக்கம் பார்க்கிற அதே கூட்டம்தான், சத்தம் மட்டும் இல்லை.

தங்கியிருப்பது கோத்தாகெடேயில். பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் மத்தாராம் அரசின் தலைநகரமாக இருந்த இடம். இப்போது வெள்ளிப் பட்டறைகளும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகளும். ஊரில் தெருப்பெயர்ப் பலகைகளில் லத்தீன் எழுத்தோடு ஜாவா எழுத்தும் இருக்கிறது. பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்த எழுத்து அது. படிக்கத்தான் வரவில்லை, பார்த்தால் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஒரு சின்னச் சந்தேகம் வருகிறது.

எல்லோரும் என்னை 'பூ' என்கிறார்கள். அம்மா என்று பொருள்படும் 'ஈபு'வின் சுருக்கம். 52 வயதில் ஒருவர் பூ என்று கூப்பிட்டால் வேண்டாமென்றா சொல்வது?

இந்த வீட்டில் நான்கு தலைமுறை. வீட்டுக்கார அம்மாவின் தாய்க்கு 86 வயது, எல்லோருக்கும் அவர் 'ம்பா'. மகனும் மருமகளும் பின்கட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பையன். மகள் ஜகார்த்தாவில் நர்ஸ். லெபரானுக்கு லீவு கிடைக்கவில்லை, வெள்ளிக்கிழமை இரவு வருகிறாள். இறந்துபோனவர் ம்பாவின் மூத்த மகன். நாற்பதாம் நாள் சாப்பாடு போன சனிக்கிழமைதான் முடிந்திருக்கிறது. ம்பாவும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

1950களில் கிழக்கு ஜாவாவின் பாரே என்ற ஊரில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் ஒரு இளைஞனைப் பற்றி எழுதியிருக்கிறார். மனைவி திடீரென்று இறந்துவிடுகிறாள். அவன் வருகிற எல்லோரையும் மாறாத புன்னகையோடு வரவேற்கிறான். துக்கத்தை மறைப்பது அவன் நோக்கம் இல்லையாம். மனதின் மேடு பள்ளங்களையே நிரவிச் சமதளமாக்கப் பார்க்கிறானாம், வெளியே இருக்கிற மாதிரியே உள்ளேயும். படித்தபோது இதெல்லாம் அறுபது எழுபது வருடத்துக்கு முந்திய கதை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, தெருமுனையில் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி தொடங்கிவிடும். அழாதவளைப் பற்றித்தான் பதினாறாம் நாள் வரை பேச்சு.

சாயங்காலம் சந்துமுனை லாண்டிரியில் துணி போட்டேன். "நாளைக் காலையில் கிடைக்குமா?" "இங்கி, பூ" என்றது அந்தப் பெண். இங்கி என்றால் ஆமாம்.

நாள் 2, புதன், ஏப்ரல் 17

துணி கிடைக்கவில்லை. "சாயங்காலம்?" "இங்கி, பூ."

இன்று ஷவ்வால் எட்டாம் நாள். வீட்டில் கெதுபாட் செய்தார்கள். குருத்தோலையில் பின்னிய கூட்டுக்குள் அரிசி போட்டு மணிக்கணக்கில் வேகவைத்தது. தொட்டுக்கொள்ள தேங்காய்ப்பாலில் செய்த கோழி ஓப்போர். மகனைப் பறிகொடுத்த 86 வயது ம்பாதான் ஓலை பின்னினார். நான் பின்னியது நான்கு முறை பிரிந்துபோனது.

சாப்பிடும்போது நாலு வயதுப் பையன் கோழிக்கால் வேண்டுமென்று தரையில் புரண்டு அழுதான். யாரும் அதட்டவில்லை. அவன் பாட்டி, அதாவது வீட்டுக்கார அம்மா, என்னைப் பார்த்து "துருங் ஜோவோ" என்றார். இன்னும் ஜாவாக்காரன் ஆகவில்லை என்று அர்த்தம். பிறந்தவுடன் யாரும் ஜாவாக்காரர் ஆகிவிடுவதில்லை போலிருக்கிறது. எங்கே எந்தச் சொல், எவ்வளவு சத்தம், எவ்வளவு குனிவது என்று தெரிந்த பிறகுதான் ஆவது.

கீர்ட்ஸின் மனைவி ஹில்ட்ரெட் கீர்ட்ஸும் அதே பாரேயில் குடும்பங்களை ஆராய்ந்தவர். குழந்தை படிப்படியாகக் கற்றுக்கொள்ளும் மூன்று உணர்வுகளை அவர் குறித்துவைத்தார்: வெதி, இசின், சுங்கன். வெதி பயம். இசின் வெட்கம். மூன்றாவதான சுங்கனைத்தான் சொல்லிப் புரியவைப்பது கடினம். தப்பு எதுவும் செய்யவில்லை, ஆனாலும் பெரியவர் முன்னால் உடம்பு தானாகச் சுருங்குகிறதே, அது. நம் சங்கோஜத்துக்குப் பக்கத்து வீடு.

வெதி என்பதை நான் 'வெடி' என்று சொன்னதும் வீடே சிரித்தது. ஜாவா மொழியில் நம்மைப் போலவே தகரமும் டகரமும் தனித்தனி. நாக்கு பல்லில் பட்டால் பயம், மேலே மடிந்தால் மணல். "உங்களுக்கு நாக்கு மடிகிறதே, ஜகார்த்தாக்காரர்களுக்கு வராது" என்று பாராட்டு வேறு கிடைத்தது. தமிழ் படித்ததன் பலன் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

மதியம் வாசல் திண்ணையில் வீட்டுக்கார அம்மா மொழிப்பாடம் எடுத்தார். ஜாவாவில் பேச்சுக்கு அடுக்குகள் உண்டு. கீழே ங்கோகோ: நண்பர்களிடம், சின்னவர்களிடம், தனக்குத்தானே பேசும்போது. மேலே க்ரோமோ: பெரியவர்களிடம், அன்னியரிடம். அதற்கும் மேலே க்ரோமோ இங்கில்: மதிப்புக்குரியவரின் உடலையும் செயலையும் சொல்ல. நம்மூர் நீ, நீங்கள் மாதிரிதானே என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தூக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னார். 'துரு' ங்கோகோ, 'திலெம்' க்ரோமோ, 'சாரே' க்ரோமோ இங்கில். விகுதி மட்டும் இல்லை, சொல்லே மாறுகிறது. நாம் தூங்குகிறோம், பெருமாள் பள்ளிகொள்கிறார் என்கிற மாதிரி. ஆனால் இங்கே ஒவ்வொரு அப்பாவும் பள்ளிகொள்கிறார். தன்னைப் பற்றிச் சொல்ல 'சாரே'யைப் போட்டால் ஊர் சிரிக்கும். இளசுகள் அடிக்கடி மாட்டிக்கொள்வது அதில்தான்.

அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு அஞ்சு வயசு வரைக்கும் அப்பா தோளில்தான் தூக்கம். 'பா, துரு' என்று போய் விழுவேன். ஒருநாள் அம்மா கூப்பிட்டு, இனிமேல் அப்பாவிடம் துரு என்று சொல்லக்கூடாது, அப்பா சாரே, நீ திலெம் என்றார். சொல்லிப் பார்த்தேன். சொன்ன பிறகு தோளில் போய் விழ முடியவில்லை."

ஹில்ட்ரெட் கீர்ட்ஸும் இதைத்தான் கவனித்திருக்கிறார். சின்னப் பிள்ளையோடு கொஞ்சிக் குலாவும் ஜாவா அப்பா, பிள்ளைக்கு ஐந்து வயது வாக்கில் மெல்ல விலகி மரியாதைக்குரியவராகிவிடுகிறார். எழுத்தில் அது ஒரு தகவல். திண்ணையில் அது 60 வயதுக்காரியின் வாயில் ஒரு வினைச்சொல் மாறிய நாள்.

"உங்கள் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தீர்களா?"

"இல்லை. இந்தோனேசிய மொழியில் பேசி வளர்த்தேன். அதில் தூக்கத்துக்கு 'திதுர்', எல்லோருக்கும் அது போதும். பிள்ளைகள் க்ரோமோவைத் தப்பாகப் பேசி அவமானப்பட வேண்டாம் என்று நினைத்தேன்." கெதுபாட் கூட்டை மடித்து ஓரமாக வைத்தார். "இப்போது என் அம்மாவோடு அவர்களுக்குப் பேச்சே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. தப்பு வந்துவிடுமோ என்று வாயைத் திறப்பதில்லை."

இந்தப் பயணத்தில் ஆலயம், அரண்மனை எல்லாம் பார்க்கவேண்டும் என்று பட்டியல் போட்டு வந்திருந்தேன். அதை மடித்து வைத்துவிட்டேன்.

நாள் 3, வியாழன், ஏப்ரல் 18

துணி வரவில்லை. வீட்டில் முறையிட்டேன். மகன் வாய்விட்டுச் சிரித்து ஒரு பழமொழி சொன்னான்: 'இங்கி-இங்கி, ம்போதென் கெபங்கி.' ஆமாம் ஆமாம் என்பார்களாம், காரியம் மட்டும் கண்ணில் படாதாம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது கேட்பவரையும் சொல்பவரையும் சேர்த்துச் சங்கடப்படுத்தும். அதனால் முதலில் ஒரு இங்கி. அந்த இங்கி எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது கேட்பவர் பொறுப்பு.

இன்று போனது கிரிலோயோ, நகரின் தெற்கே பந்துல் மாவட்டத்தில். பக்கத்து இமோகிரி மலையில் சுல்தான் அகுங் கட்டிய அரச கல்லறைகள் உண்டு, படி ஏறவில்லை, முழங்கால் சம்மதிக்கவில்லை. கிரிலோயோவில் கையால் பாத்திக், அதாவது மெழுகால் கோலம் வரைந்து சாயம் ஏற்றும் துணி, எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். எழுதுவது என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.

எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டியின் பக்கத்தில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நம் அரிவாள்மனைப் பலகை உயரத்தில் ஒரு சின்ன முக்காலி. முன்னால் மரச்சட்டத்தில் துணி தொங்குகிறது. பக்கத்தில் அடுப்பு, அதன்மேல் உள்ளங்கை அளவு வாணலியில் உருகிய மெழுகு. கையில் சந்திங்: மூங்கில் காம்பு, நுனியில் செம்புக் கிண்ணி, அதற்கு ஊசி மாதிரி மூக்கு. மெழுகை மொண்டு, மூக்கை வாய்க்கருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதி அடைப்பெடுத்து, துணியில் கோடு போட வேண்டும். இடது கை துணிக்கு அடியில் தாங்கிக்கொண்டிருக்கும்.

எழுதிக்கொண்டிருந்தது த்ருந்தும். கருநிலத்தில் சின்னச் சின்ன நட்சத்திரப் பூக்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சோலோவை ஆண்ட மூன்றாம் பாகுபுவோனோவின் அரசி, ராஜா தன்னை மறந்து வேறொருத்தியிடம் போய்விட்ட இரவுகளில் தனியே உட்கார்ந்து இதை எழுதினாள் என்பது கதை. அழவில்லை, கேட்கவில்லை. புள்ளிமேல் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் எட்டிப்பார்த்த ராஜா மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். த்ருந்தும் என்ற பெயருக்கே மறுபடி துளிர்ப்பது என்று பொருள் சொல்கிறார்கள். கல்யாணத்தில் பெண், மாப்பிள்ளையின் பெற்றோர் உடுத்துவது இதைத்தான். எனக்கென்னவோ அந்த ராஜாமேல் கோபம்தான் வந்தது. பாட்டியிடம் சொன்னேன். "ராஜாதானே" என்றார்.

2006 மே 27, சனிக்கிழமை, விடிகாலை 5.53. யோக்யா நிலநடுக்கத்தில் 5,700 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும் அடி பந்துலுக்கு. ஆடியது ஒரு நிமிடம்கூட இல்லை. நானாகக் கேட்கவில்லை, பாட்டியாகத்தான் சொன்னார். அவர் கொல்லையில் விறகு எடுக்கப் போயிருந்தார். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சுவர் விழுந்தது. பிறகு ஊரே கூடி ஒவ்வொரு வீடாகக் கட்டியது, இவர் வீடு பதினோராவது. இதை எல்லாம் சொல்லும்போது உதட்டில் அதே புன்னகை, கை கோட்டை விடவில்லை.

"ம்போதென் நோபோ-நோபோ" என்று முடித்தார். ஒன்றுமில்லை, பரவாயில்லை.

அடுத்த மெழுகை மொண்டு மூக்கை ஊதினார். சாதாரணமாக ஒரு ஊது போதும். இப்போது மூன்று, நான்கு. மெழுகு ஆறிவிட்டது. வாணலியில் திருப்பி ஊற்றிவிட்டு மறுபடி மொண்டார்.

நாள் 4, வெள்ளி, ஏப்ரல் 19

பகலில் ஒன்றுமில்லை. வெயில், குதெக், தூக்கம். குதெக் இந்த ஊர்ப் பெருமை: பலாக்காயைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் நாள் முழுக்க வேகவைப்பது. மதிய உணவில் இவ்வளவு வெல்லம் எனக்கு ஆகவில்லை. யாரும் கேட்டால் சுவையாக இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

இரவு ஒன்பதுக்கு, தெற்கே ஒரு கிராமத் திடலில் வயாங். தோல்பாவைக் கூத்து, விடியும்வரை. கதை தேவ ருசி. மகாபாரதத்துப் பீமன் கதைதான், ஆனால் நம் வியாசரிடமோ வில்லியிடமோ கிடையாது, ஜாவாவில் முளைத்தது. துரோணர் பீமனைப் புனித நீர் தேடி நடுக்கடலுக்கு அனுப்புகிறார், செத்துத் தொலையட்டும் என்று. கடலுக்குள் தன் சாயலிலேயே ஒரு குட்டித் தெய்வத்தைச் சந்திக்கிறான். அது தேவ ருசி. என் காதுக்குள் நுழை என்கிறது. அந்தப் பெரிய உடம்போடு இடது காது வழியாக உள்ளே போனால், உள்ளே உலகம் முழுக்க விரிந்து கிடக்கிறது.

பாவைகளைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். அர்ஜுனன் ஒல்லி, தலை குனிந்திருக்கும், கண் ஒரு கோடு. மென்மையானவன் என்றால் இவன்தான். பீமன் உருண்டைக் கண், பெருவிரலில் நீண்ட நகம். பக்கத்தில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றைக் கவனிக்கச் சொன்னார். பீமன் எல்லோரிடமும் ங்கோகோதான். அண்ணன் தருமனிடம், குரு துரோணரிடம், தேவர்களிடம்கூட 'துரு' வகைப் பேச்சு. கைகூப்பிக் குனிவதும் கிடையாது. அவன் க்ரோமோ பேசுவது ஒரே ஒருவரிடம், தேவ ருசியிடம்.

"அவனுக்கு மரியாதை தெரியாது. பொய்யும் தெரியாது" என்றார் பெரியவர். "எல்லோருக்கும் அர்ஜுனன் மாதிரி மகன் வேண்டும். எனக்குக் குடிக்கத் துணை பீமன் போதும்." கையில் இருந்தது இஞ்சித் தண்ணீர்தான்.

அந்த ஒரு இடம் வந்தபோது மணி மூன்று இருக்கும். பாவையாட்டுகிற தலாங் பீமனின் முரட்டுக் குரலை விடவில்லை, ஆனால் அதே குரலில் க்ரோமோச் சொற்கள் வந்தன. எனக்கு மொழி புரியவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த கிழவர்கள் முதுகை நேராக்கியது மட்டும் தெரிந்தது. நடுச்சாமத்துக் கோமாளிக் காட்சிக்கு அலைமோதிய பையன்கள் அதற்குள் மோட்டார்பைக் சீட்டில் தூங்கிப்போயிருந்தார்கள்.

நாள் 5, சனி, ஏப்ரல் 20

துணி வந்தது, பாதி. மிச்சம் "நாளைக்கு, இங்கி, பூ."

நர்ஸ் மகள் நள்ளிரவில் வந்து சேர்ந்துவிட்டாள். 27 வயது. சோலோவில் தோழியைப் பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா என்றாள். மின்சார ரயில், 8,000 ருபியா, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

எங்கள் பெட்டியில் கெபாயா என்ற பழைய பாணி மேல்சட்டை உடுத்துக் கொண்டை போட்ட ஐந்தாறு சிறுமிகள். நாளை கார்த்தினி நாள், பள்ளி விழாவை முன்னாலேயே வைத்துவிட்டார்களாம். கார்த்தினி ஜெபாராவில் 1879 ஏப்ரல் 21இல் பிறந்தவர். 25 வயதில், பிள்ளை பெற்ற நான்காம் நாள் இறந்தார். பெண்கல்விக்காகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவருடைய கடிதங்களில் மறக்காதது வேறு. 1899இல், முகம் பார்த்திராத நெதர்லாந்துத் தோழி ஸ்டெல்லாவுக்கு எழுதியது: தங்கை என்னைக் கடக்க வேண்டுமென்றால் தரையில் தவழ்ந்துதான் போக வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் வரும்போது இறங்கித் தலைகுனிந்து தரையில் உட்கார வேண்டும், எங்களுக்குள் அதை எல்லாம் ஒழித்துவிட்டோம் என்று. இந்த மனக்குமுறல் முழுவதும் டச்சு மொழியில். ஜாவா மொழியில் எழுதியிருந்தால் முதல் வாக்கியத்திலேயே யார் மேல், யார் கீழ் என்று முடிவு செய்ய வேண்டியிருந்திருக்கும்.

நர்ஸ் மகளிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கு டச்சு இல்லை, அதனால் பாப்பெர் இருக்கிறது" என்றாள். உணர்ச்சியைத் தூக்கிக்கொண்டு அலைவது என்பதன் சுருக்கம் பாப்பெர். மனதைக் கொட்டுவதற்கு சுர்ஹாட். எல்லாம் இந்தோனேசிய மொழியின் செல்போன் காலத்துச் சொற்கள். தோழிகளோடு நாள் முழுக்க சுர்ஹாட். வீட்டில்? உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆஸ்பத்திரியில் வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை என்று கேட்க வேண்டும். ஜாவாப் பாட்டிகள் சிரித்துக்கொண்டே இரண்டு என்பார்கள். நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், போர்வையை விலக்கிக் கால்விரலைப் பார்ப்பேன். மடங்கியிருந்தால் எட்டு."

பிறகு செல்போனை எடுத்து முணுமுணுக்கத் தொடங்கினாள். நாளை குடும்பம் முழுக்கக் கூடுகிறது, ம்பா முன்னால் சுங்கெம் செய்ய வேண்டும். பெரியவர் முழங்காலில் முகம் பதித்து, வருடத்தில் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்கும் சடங்கு. என் தமிழ்க் காதில் அது சுங்கம் என்றே விழுகிறது, ரொம்பத் தப்பும் இல்லை. கேட்பது க்ரோமோவில். மூன்று வாக்கியம், வருடா வருடம் மறந்துபோகிறதாம். பெரிய மாமா சாவுக்கு வேறு வர முடியவில்லை. "இந்தோனேசிய மொழியில் கேட்டால் என்ன?" என்றேன். "மன்னிப்புக் கேட்கலாம். சுங்கெம் ஆகாது."

சோலோ பலாப்பான் ஸ்டேஷன். இந்த ஸ்டேஷன் பெயரிலேயே ஒரு பாட்டு: வழியனுப்பிவிட்டுத் திரும்பிவராதவளுக்காகக் காத்திருக்கிறவனின் பாட்டு. பாடியவர் திதி கெம்போத், சோலோவில் பிறந்து, நடைபாதைப் பாடகராகத் தொடங்கியவர். 1990களில் கிழவர்களும், சுரினாமில் குடியேறிய ஜாவாக்காரர்களும் கேட்ட பாடகர். 2019இல் திடீரென்று கல்லூரிப் பிள்ளைகள் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டாடினார்கள். உடைந்த இதயங்களின் தலைவர் என்று பட்டம் கட்டினார்கள். 2020 மே 5இல், 53 வயதில் இறந்துபோனார்.

இரவு தோழியோடு ஒரு திறந்தவெளி டீக்கடைக்குப் போனோம். நான்கு பேர் கொண்ட குழு அவருடைய பாடல்களையே பாடிக்கொண்டிருந்தது. கறுப்பு டிசர்ட் பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஆடினார்கள். ஆடிக்கொண்டே அழுதார்கள். நிஜமாகவே கண்ணீர், மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு. 'அம்பியார்' என்று கத்தினார்கள். சுக்குநூறு என்று அர்த்தம். கண்ணாடிக்கும் சொல்லலாம், மனதுக்கும் சொல்லலாம்.

பாட்டு முழுக்க ங்கோகோ. வீட்டில் இந்தோனேசிய மொழி பேசி வளர்ந்த பிள்ளைகள், அப்பாவிடம் பேச முடியாத க்ரோமோவை விட்டுவிட்டு, தங்களுக்குத் தாங்களே பேசிக்கொள்ளும் ங்கோகோவில் வந்து அழுகிறார்கள். கார்த்தினிக்கு டச்சு, பகலில் இவர்களுக்கு பாப்பெர், ராத்திரிக்கு இது. ஒவ்வொரு தலைமுறையும் அழுவதற்குத் தோதான மொழியை எங்கிருந்தாவது கொண்டுவந்துவிடுகிறது.

"அந்தப் பையன் அப்பா முன்னால் இப்படி அழுவானா?" நர்ஸிடம் கேட்டேன்.

"அப்பா முன்னால் இருமக்கூட மாட்டான்" என்றாள். அவள் எல்லாப் பாட்டையும் வாயசைத்துப் பாடினாள். அழவில்லை. நாளைக்கு மிச்சம் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாள் 6, ஞாயிறு, ஏப்ரல் 21

காலை பத்து மணிக்கு வீட்டில் எழுபது பேர். ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழிவந்தவர்கள். பெயர் தெரியாத உறவுகளை முறை சொல்லி அறிமுகப்படுத்தவே அரை மணி ஆயிற்று. நான் பாட்டிகளுக்கு மத்தியில் உட்காரவைக்கப்பட்டேன். அவர்களிடம் 1965 பற்றி யாரும் கேட்கவில்லை. கம்யூனிஸ்ட் என்ற பேரில் லட்சக்கணக்கில் மனிதர்கள் கொல்லப்பட்ட அந்த வருடத்தைப் பற்றி ம்பா ஒருநாளும் வாய் திறந்ததில்லை என்று வீட்டுக்கார அம்மா சமையலறையில் சொல்லியிருந்தார். ம்பாவின் தம்பி ஒருவர் குடும்பப் போட்டோவில் இருக்கிறார், பேச்சில் இல்லை.

மூத்தவர்களிடமிருந்து வரிசையாகச் சுங்கெம். ம்பா பிரம்பு நாற்காலியில், காலில் செருப்பில்லாமல். மகன்கள், மகள்கள், அறுபது வயதுக்காரர்கள் முட்டிபோட்டு நகர்ந்து வந்து, கூப்பிய கையை அவர் முழங்காலில் வைத்து, அதன்மேல் முகத்தைப் பதித்தார்கள். சுகெங் ரியாதி, ஞூவுன் பங்ஙாபுந்தென். பெருநாள் வாழ்த்து, மன்னிப்பு வேண்டுகிறேன். ம்பா பதிலுக்கு இரண்டு வரி சொல்லி உச்சந்தலையைத் தொட்டார். எல்லோருக்கும் அதே வரி, அதே குரல். கூட்டம் வேகமாக நகர்ந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, தபால் ஆபீஸ் வரிசை மாதிரி.

நர்ஸின் முறை வந்தது. உள்ளங்கையில் செல்போனை ஒளித்துக்கொண்டு குனிந்தாள். முதல் வாக்கியம் சரியாக வந்தது. இரண்டாவதின் நடுவில் திரை அணைந்துவிட்டது. விரலால் தட்டினாள், பூட்டிக்கொண்டுவிட்டது. அறையில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எடுத்துக்கொடுத்தால் அவளுக்கு அவமானம். எல்லோரும் ஜன்னலையும் மேற்கூரையையும் பார்த்தார்கள்.

அப்புறம் அவள் முதுகு குலுங்கியது. "மாஃப், ம்பா" என்றாள். இந்தோனேசிய மொழியில் மன்னிப்பு. "பெரிய மாமாவுக்கு வர முடியலை. ட்யூட்டி. கேட்டுப் பார்த்தேன், விடலை." எல்லாம் இந்தோனேசிய மொழியில், நர்ஸ் ஸ்டேஷனில் பேசுகிற மாதிரியான துண்டுத் துண்டு வாக்கியங்கள். மூக்கு ம்பாவின் சேலைத்துணியில் உரசிக்கொண்டிருந்தது. பழுப்புப் பாத்திக், வெளிறிய நட்சத்திரப் பூக்கள்.

ம்பா பதில் வரியைச் சொல்லவில்லை. அவள் தலைமேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை. நான் நாற்காலியின் கீழே பார்த்தேன், நர்ஸிடம் கற்றுக்கொண்ட வித்தை. ம்பாவின் கால்விரல்கள் இறுக்கமாக மடங்கியிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்காத குரலில், "துரு கெனே வாயே" என்றார். இங்கேயே தூங்கு. கெட்டியான ங்கோகோ. அடுத்து நின்ற பேரன் முட்டிபோட்டு நகரத் தொடங்க, வரிசை மறுபடி நடந்தது.

மதியம் எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவ உள்ளே வந்தபோது, ம்பாவின் கட்டிலில் அவர் சுவரோரம் படுத்திருந்தார், பக்கத்தில் பேத்தி வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, சம்பல் மீதியை எதில் எடுத்துவைக்கலாம் என்று என்னிடம் கேட்டார்.

இரவு ஏழு மணிக்கு லாண்டிரிப் பெண் தானாகவே வீட்டு வாசலுக்கு வந்தாள். இரண்டு கையாலும் பையை நீட்டி, இடுப்பு மடியக் குனிந்தாள். பிரித்துப் பார்த்தேன். எல்லாம் இஸ்திரி போட்டு மடித்து வாசனையாக இருந்தன. நீல குர்தா மட்டும் இல்லை. அதற்குப் பதில் யாரோ ஒரு குழந்தையின் காற்சட்டை.

"எல்லாம் சரியாக இருக்கிறதா, பூ?"

அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இங்கி" என்றேன்.